ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? முதலில் காதைக் கேளுங்கள்!

போன மாதம் ஒரு தம்பதி என்னிடம் வந்திருந்தார்கள. அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வயது அறுபத்தெட்டு. மூட்டு வலிக்காக இரண்டு வருஷமாக வருகிறவர். நாடி பார்த்து, மருந்தெல்லாம் எழுதி முடித்த பிறகும் அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், முழங்காலை விடுங்க. வீட்ல இவர் வைக்கிற டி.வி. சத்தம் தாங்க முடியல. எதிர்வீட்ல எங்க வீட்டு நியூஸையே கேட்டுக்கிட்டு, அவங்க டி.வி.யை ஆஃப் பண்ணிடறாங்க!"

"நான் என்ன பண்றது சார்? சத்தம் நல்லாத்தான் கேக்குது. என்ன சொல்றான்னுதான் புரிய மாட்டேங்குது" என்றார் ஆசிரியர்.

பெங்களூரில் இருக்கும் மகன், "நல்ல வயர்லெஸ் ஸ்பீக்கரா ஒரு ஜோடி வாங்கித் தர்றேன்ப்பா, எதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறான். நான் பாட்டுப் பைத்தியம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் மருந்துச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தைக் காட்டி, "இதுலயே ஸ்பீக்கர் பேரையும் எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றார்!

எழுதிக் கொடுக்கவில்லை. அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். இப்போது பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. புத்தக அலமாரியில் அடங்குகிற அளவில் இரண்டு பெட்டிகள். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும். செல்போனில் தொட்டால் பாட்டு வரும். விலையோ சில ஆயிரத்தில் ஆரம்பித்து லட்சங்கள் வரை போகிறது. அவ்வளவு பணம் போடும்போது கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டு போடுவது நல்லதில்லையா?

'சித்த மருத்துவருக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். என்னுடைய இடது காதுதான் சம்பந்தம்.

பாளையங்கோட்டையில் படித்த காலத்திலிருந்தே பஸ்ஸிலும் ரயிலிலும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பாட்டு கேட்கிற பழக்கம் எனக்கு. பஸ் இரைச்சலை மிஞ்ச வேண்டும் என்பதற்காக வால்யூமைக் கூட்டுவேன். ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு நாள் ராத்திரி படுத்திருக்கும்போது இடது காதில் சில்வண்டு மாதிரி 'ரீ' என்று ஒரு சத்தம். ஜன்னலைச் சாத்தினேன். நிற்கவில்லை. மறுநாள் காது, மூக்கு, தொண்டை மருத்துவரான என் நண்பரிடம் போனேன். ஆடியோகிராம் எடுத்தார். கோடு நேராகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்தது மாதிரி இறங்கியிருந்தது. "இது வயசால வந்தது இல்ல, சத்தத்தால வந்தது" என்றார். அதிக ஓசையால் கெட்ட காதுகளில் அந்த இடத்தில்தான் பெரும்பாலும் பள்ளம் விழும்.

நம் உட்காதில், நத்தை ஓடு போன்ற காக்ளியாவுக்குள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்மயிர் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது கொண்டு வந்ததுதான். ஒன்று செத்தால் மனிதனுக்கு இன்னொன்று முளைப்பதில்லை. எங்கள் மருத்துவத்தில் காதுக்குத் தைலங்கள் உண்டு. அவற்றுக்கு உரிய இடமும் உண்டு. ஆனால் செத்துப்போன நுண்மயிர் செல்லை எழுப்புகிற தைலம் என்னிடம் இல்லை. இருப்பதாக யாராவது சொன்னால் பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்! வீட்டில் எண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடுவதும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வம்பாகிவிடும்.

நண்பர் சொன்ன யோசனை சுலபமானது. "பாட்டை விட வேணாம். இயர்போனை விடு. ஸ்பீக்கர்ல கேளு, மெதுவா வச்சுக் கேளு."

அங்கேதான் எனக்குச் சிக்கல் ஆரம்பித்தது.

மெதுவாக வைத்தால் பாட்டில் சாரமே இல்லை. மிருதங்கத்தின் தொப்பியில் 'கும்'மென்று வரவேண்டிய நாதம் காணாமல் போய்விடுகிறது. தம்புரா எங்கோ பக்கத்துத் தெருவில் மீட்டுகிற மாதிரி இருக்கிறது. கையோ தானாக வால்யூமைக் கூட்டப் போகிறது. ஸ்பீக்கர் மட்டும் இதற்குக் காரணமில்லை, நம் காதின் அமைப்பே அப்படி. 1933ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து சொன்னார்கள். ஓசையைக் குறைக்கக் குறைக்க, நடுத்தர ஸ்வரங்களை விட அடிநாதம்தான் காதுக்கு வேகமாகத் தேய்ந்து போகிறது. பழைய ஆம்ப்ளிஃபயர்களிலும் கார் ஸ்டீரியோவிலும் 'லவுட்னெஸ்' என்று ஒரு பொத்தான் பார்த்திருப்பீர்கள். குறைந்த வால்யூமில் அந்த அடிநாதத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கத்தான் அது. நாமெல்லாம் அது 'சத்தம் கூட்டும் பட்டன்' என்று நினைத்து, முழு வால்யூமிலும் அதை அமுக்கி வைத்திருந்தோம்!

ஆக, வீட்டுக்கு ஸ்பீக்கர் தேடுகிறவர் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு சத்தம் வரும்?' என்பதல்ல. 'எவ்வளவு மெதுவா வச்சாலும் நிறைவா இருக்கும்?' என்பதுதான்.

வாட்ஸ் மயக்கம்

தொண்ணூறுகளில் டேப்ரிக்கார்டர் வாங்கியவர்களுக்கு 'பி.எம்.பி.ஓ.' ஞாபகம் இருக்கும். கையடக்கப் பெட்டியில் '1000 வாட்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அந்த மயக்கம் இன்னும் தெளியவில்லை. கடைக்காரர் முதலில் சொல்வது வாட்ஸ் கணக்குதான்.

சின்னக் கணக்கு ஒன்று சொல்கிறேன். நல்ல புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 85 டெசிபல் சத்தம் வரும். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். அப்படியானால் ஹாலில் உட்கார்ந்து சுகமாகக் கேட்க, பெரும்பாலான நேரம் ஒரு வாட் கூட வேண்டியதில்லை! தவில் அடி மாதிரி திடீரென்று எகிறுகிற இடங்களுக்குத்தான் மிச்சம் கையிருப்பு. 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

அந்த 3 டெசிபலை அலட்சியமாகவும் நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற பாதுகாப்பான அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூட்டினால் நேரம் பாதியாகிவிடும். 83க்கு 20 மணி நேரம். 90க்குப் போனால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான்! செல்போனில் ஓசை அளக்கும் செயலிகள் கிடைக்கின்றன. துல்லியம் முன்னே பின்னே இருக்கும் என்றாலும் ஒரு அந்தாஜுக்கு உதவும். நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். 65, 70க்குள் இருந்தால் நிம்மதி.

நான் ஏமாந்த கதை

முதன்முதலில் ஸ்பீக்கர் வாங்கப் போனபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. பெரிய கடை. தரையெல்லாம் கம்பளம், கதவைச் சாத்தினால் வெளிச் சத்தமே கேட்காத அறை. இரண்டு ஜோடிகளைப் போட்டுக் காட்டினார் விற்பனையாளர். விலை கூடினதுதான் எனக்குப் பிடித்தது. பிறகுதான் புரிந்தது, அதைக் கொஞ்சம் வால்யூம் கூட்டி வைத்துக் காட்டியிருக்கிறார். ஒரே பாட்டை இரண்டு விதமாகப் போட்டால், சற்றே சத்தமாக இருப்பதைத்தான் நம் மூளை 'நல்லாருக்கு' என்று சொல்லும். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, நான் பணத்தைக் கட்டிவிட்டேன்.

வீட்டில் கொண்டுவந்து, டி.வி.க்குப் பக்கத்து ஷோகேஸில், பீங்கான் பொம்மைகளை நகர்த்திவிட்டு, மூலைக்கு ஒன்றாகச் சொருகினேன். பாட்டைப் போட்டேன். என் அம்மா உள்ளேயிருந்து வந்து, "என்னடா இது, உரல்ல மாவிடிக்கிற மாதிரி இருக்கு?" என்றார்கள். எண்பது வயது. காது கொஞ்சம் மந்தம். ஆனால் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

சுவரும் மூலையும் அடிநாதத்தைப் பெருக்கும். ஷோகேஸ் பலகையோ தானும் சேர்ந்து அதிரும். கடையில் கம்பளம் இருந்தது. என் வீட்டிலோ வழவழ டைல்ஸ், சிமெண்ட் சுவர், கண்ணாடி ஜன்னல். ஹால் நடுவில் நின்று ஒரு தரம் பலமாகக் கை தட்டிப் பாருங்கள். 'டங்'கென்று ஓசை தொங்கினால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் பாட்டு குழம்பித்தான் கேட்கும். ஒரு ஜமக்காளம், கனமான திரைச்சீலை, துணி போட்ட சோபா, நிஜமாகவே புத்தகங்கள் அடுக்கிய ஒரு அலமாரி... இவை இருந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

'புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர்' என்று பெயர்தான். உண்மையில் அலமாரிக்குள் திணிக்காமல் இருப்பதுதான் அதற்கு நல்லது. உறுதியான ஸ்டாண்டிலோ மர ஸ்டூலிலோ வையுங்கள். உயர் ஸ்வரம் தருகிற சின்ன வட்டம், அதாவது ட்வீட்டர், உட்கார்ந்திருக்கும் உங்கள் காது மட்டத்துக்கு வர வேண்டும். பெட்டிக்குப் பின்னால் காற்றுத் துளை இருந்தால் சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஐந்தாறு அடி, உங்களுக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவில் அதே ஐந்தாறு அடி. ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அந்தச் சுகம் தனி, அதை நான் கெடுக்க மாட்டேன்.

கேட்கிற இடத்தை நெருக்கினால் இன்னொரு லாபம். கிட்டே இருந்து கேட்கிறவர்களுக்கு வால்யூம் குறைவாகவே போதும். பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்து கத்த விடுவதை விட, ஆறடியில் உட்கார்ந்து மெல்ல வைத்துக் கேட்பது காதுக்கும் நல்லது, எதிர்வீட்டுக்கும் நல்லது.

சின்னப் பெட்டி பெரிய பெட்டி

சின்னப் பெட்டி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. 1970களின் ஆரம்பத்தில் பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம், வெளியிட ஒலிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்பதற்காக எல்.எஸ்.3/5ஏ என்று ஒரு குட்டி ஸ்பீக்கரை வடிவமைத்தது. வேனுக்குள் இடமில்லை, பேச்சு மட்டும் பிசிறில்லாமல் கேட்க வேண்டும். அதற்கு ஒலி உறுப்புகள் செய்து கொடுத்தது கே.இ.எஃப். என்ற ஆங்கிலேயக் கம்பெனி. அந்தக் கம்பெனி தன் ஐம்பதாம் ஆண்டையொட்டி, அந்தக் குட்டிப் பெட்டியை மனதில் வைத்துச் செய்த எல்.எஸ்.50, 2012ல் வந்தது. ஆம்ப்ளிஃபயரையும் வை-ஃபையையும் உள்ளே வைத்த எல்.எஸ்.50 வயர்லெஸ் 2, 2020ல் வந்தது. ட்வீட்டரைப் பெரிய கூம்பின் நடு மையத்திலேயே பொருத்தியிருப்பார்கள். அதனால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற மாமியாருக்கும் ஏறக்குறைய அதே நாதம் போய்ச் சேரும். உயரம் ஒரு அடிதான். எடை ஒவ்வொன்றும் சுமார் 10 கிலோ. விலையைக் கேட்டால் நமக்குத்தான் மூட்டு வலி வரும், இரண்டு லட்சத்தைத் தாண்டுகிற சமாசாரம்! அதே கம்பெனியின் எல்.எஸ்.எக்ஸ். 2 இதைவிடச் சிறியது, விலையும் குறைவு. டென்மார்க்கின் டைன்ஆடியோ, டாலி போன்ற கம்பெனிகளும் இந்த வகையில் செய்திருக்கின்றன.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குப் பெரிய பெட்டி எதற்கு? சின்ன அறையில் அடிநாதம் மிதமாக இருப்பதே சுகம்.

விலை உயர்ந்த வகைகளில் எனக்குப் பிடித்தது, ஒலியை உள்ளேயே கணினிச் சில்லு திருத்துகிற வசதி. சுவரோரமா, மேஜை மேலா, ஸ்டாண்டிலா என்று செல்போனில் சொன்னால் அதற்கேற்ப அடிநாதத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். சிலவற்றில் பழைய லவுட்னெஸ் பொத்தானின் வேலையும் உண்டு. மெதுவாகக் கேட்கிறவர்களுக்கு, கூடுதல் வாட்ஸை விட இதற்குக் கொடுக்கிற காசுதான் உருப்படி.

வயர்லெஸ் என்றால் வயர் இல்லையா?

என் மனைவி பெட்டியைப் பிரித்ததும் கேட்ட கேள்வி இது. "வயர்லெஸ்னு சொன்னீங்க, இத்தனை வயர் இருக்கே?"

ஆமாம். இரண்டு பெட்டிக்கும் ஆளுக்கொரு பிளக் பாயிண்ட் வேண்டும். சிலவற்றில் ஒன்றுக்கொன்று கேபிளும் உண்டு. வாங்குவதற்கு முன்பே வீட்டில் அந்த இடத்தில் பிளக் இருக்கிறதா, மூன்று முள் பிளக்கில் எர்த் சரியாக வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். எர்த் சரியில்லாவிட்டால் 'ங்' என்ற ரீங்காரம் வரலாம், ஷாக்கும் அடிக்கலாம். இடி மின்னல் நாட்களில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பாட்டு வருகிற வழி இரண்டு. புளூடூத்தில் அனுப்பினால் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்பும், போனில் அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். வை-ஃபையில் ஸ்பீக்கரே இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட் மாதிரி. வீட்டில் நிரந்தரமாக வைக்கிற ஸ்பீக்கருக்கு வை-ஃபைதான் சௌகரியம். டி.வி.யோடு இணைக்க எண்ணம் இருந்தால் ஹெச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்ற துளை இருக்கிறதா என்று பாருங்கள். புளூடூத்தில் இணைத்தால் வாய் அசைந்த பிறகு வசனம் வரலாம். ஏற்கெனவே புரியவில்லை என்கிற பெரியவருக்கு அது இன்னும் குழப்பம்.

'24 பிட், 192 கிலோ ஹெர்ட்ஸ்' என்றெல்லாம் விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். மனிதக் காதின் உச்ச எல்லை, அதுவும் சின்ன வயதில், 20,000 ஹெர்ட்ஸ். பழைய சி.டி.யே அதைச் சுமந்துவிடும். என் வயதில் 12,000ஐத் தாண்டிக் கேட்டாலே அதிர்ஷ்டம். இதற்காகத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வகையில் பாதி மரப்பெட்டி, பாதி கம்ப்யூட்டர். மரப்பெட்டி இருபது வருஷம் உழைக்கும். கம்ப்யூட்டர் அப்படி உழைக்குமா? 2024 மே மாதத்தில் சோனோஸ் என்ற பெரிய கம்பெனி தன் செல்போன் செயலியைப் புதிதாக மாற்றியது. பழைய வசதிகள் பல காணாமல் போய், வாடிக்கையாளர்கள் கொதித்து, கம்பெனித் தலைவரே மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. ஸ்பீக்கர் அதேதான், மாறியது செயலி மட்டும். அதனால் இணையமும் செயலியும் இல்லாவிட்டாலும், வயர் சொருகிப் பாட்டு கேட்க ஒரு வழி பெட்டியின் பின்னால் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரிமோட்டும் கூட வந்தால் வீட்டுப் பெரியவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

கடையில் என்ன போட்டுக் கேட்பது?

கடைக்காரர் போடுகிற பாட்டு எல்லா ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோங்கள். நான் மூன்று வைத்திருக்கிறேன். முதலில் யாராவது செய்தி வாசிப்பது. மனிதக் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தால் அங்கேயே 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். அடுத்தது மிருதங்கத் தனி ஆவர்த்தனம். தொப்பியின் நாதம் 'கும்' என்று எழுந்து தானாக அடங்க வேண்டும், 'தொம் தொம்' என்று தேங்கக் கூடாது. மூன்றாவது, 1986ல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்'. வயலின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று பார்க்க.

மூன்றையும் பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கிற அளவு மெதுவாக வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று அந்தச் செல்போன் செயலியை வைத்துப் பாருங்கள். என்னை மாதிரி ஏமாற மாட்டீர்கள். வீட்டில் வைத்துக் கேட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையும் பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கருக்குள் வலுவான காந்தம் இருக்கிறது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்க வேண்டாம். வேறு யாரையாவது தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.

இனி நம் தலைமை ஆசிரியருக்கு வருவோம். 'சத்தம் கேக்குது, வார்த்தை புரியல' என்றாரே, அது வயோதிகக் காதின் அச்சான அடையாளம். வயதாகும்போது முதலில் போவது உயர் ஸ்வரங்கள். அ, ஆ, ஓ போன்ற உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த ஸ்வரங்களில் இருக்கிறது. ச, ஸ, ஷ, த போன்றவற்றின் கூர்மை உயர்ந்த ஸ்வரங்களில். அதனால் பேச்சின் சத்தம் வரும், எழுத்து வராது. அவர் வால்யூமைக் கூட்டுகிறார். கூடுவது பெரும்பாலும் அடிநாதம். அந்த அடிநாதம், மிச்சமிருக்கிற மெல்லிய ச-வையும் த-வையும் மூடிவிடுகிறது. இன்னும் கூட்டுகிறார்! 'பேஸ்' அதிகம் என்று விளம்பரம் செய்கிற ஸ்பீக்கரை அவருக்கு வாங்கிக் கொடுத்தால் அது வியாதிக்கு வியாதியையே மருந்தாகக் கொடுத்த கதைதான்.

அதனால் அவரிடம் சொன்னேன், "சார், ஸ்பீக்கர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி காது டாக்டர்கிட்ட போய் ஒரு ஆடியோகிராம் எடுத்துட்டு வாங்க." உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதேதான். சில சமயம் வெறும் குறும்பியாகவே இருக்கும், எடுத்துவிட்டால் போச்சு. ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் தைலம், ஒத்தடம் என்று நாள் கடத்தாமல் அன்றைக்கே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஓடுங்கள். அங்கே ஒவ்வொரு நாளும் முக்கியம்.

ஆசிரியர் போய்ப் பரிசோதித்துக்கொண்டார். இரண்டு காதிலும் உயர் ஸ்வரம் குறைந்திருக்கிறது, காதுக் கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார்களாம். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "கிழவன்னு முத்திரை குத்தறீங்களா?" என்று மகனிடம் சண்டை. பிறகு கருவியைப் பதினைந்து நாள் போட்டுப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். ஸ்பீக்கருக்கென்று மகன் ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி அதற்கே போனது. மிச்சத்தில் ஒரு ஜோடி நடுத்தர விலை ஸ்பீக்கர், டி.வி.க்கு இரண்டு பக்கமும், ஸ்டூல் மேல்.

போன வாரம் மருந்துக்கு வந்தபோது அந்த அம்மாவிடம், "இப்ப டி.வி. எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"செயலியில வால்யூம் இதுக்கு மேல ஏறாதபடி பையன் பூட்டு போட்டுட்டான் டாக்டர். ஆனா இவருக்கு அது வரைக்கும் போறதுக்கே வேலையில்ல. இப்ப வேற தொந்தரவு. நான் அடுப்படியில முணுமுணுக்கறதெல்லாம் இவருக்குக் கேட்டுடுது!"